மூட்டுத் தேடாத கை

மூன்றாம் மாடி ஹல்ஷ்கா
நார்வேயில் மீன் ஆலை வேலைக்குப் போகும்போது
"ரெண்டே வாரம்" என்று
ஒரு கூண்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.
இது ஏழாவது வாரம்.

உள்ளே இருப்பதன் பெயர் க்ளூஸ்கா. மாவுருண்டை.
இந்த இனத்துக்கு எங்கள் மொழியில்
கடல் பன்றிக்குட்டி என்று பெயர்.
கடலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
பன்றிக்கும்தான்.
பன்றியை நான் அறிவேன்.
லூப்ளின் சந்தைக்குப் பின்னால்
இருபத்தாறு வருடமாகப் பன்றி வெட்டுகிறவன்.

முதல் நாள் கதவைத் திறந்து கை விட்டேன்.
மரக்குடிலுக்குள் பாய்ந்தது.
வெளியே கிடந்த உலர்புல் மட்டும்
கொஞ்ச நேரம் நடுங்கியது.

ரத்த வாடை என்று நினைத்தேன்.
சோப்பு, பிறகு உப்பு,
பிறகு காபித்தூள் தேய்த்து
முழங்கை வரை கழுவினேன்.
மறுபடி கை விட்டேன்.
மறுபடி உலர்புல்.

ஒருமுறை மூலையில் மடக்கிப் பிடித்தேன்.
பிடிப்பது எனக்குப் புதிதா என்ன?
ஒரே அள்ளு.
கத்தவில்லை. கல்லாகிவிட்டது.
கல்லுக்குள் ஏதோ ஒன்று
தையல் எந்திரம்போல ஓடியது.
அப்போதுதான் கவனித்தேன்:
என் கட்டைவிரல்
அதன் பின்னங்கால்மேல் தானாக நகர்ந்து
மூட்டு எங்கே என்று
தேடிக்கொண்டிருந்தது.

எதைத் தொட்டாலும்
எங்கே வெட்டினால் பிரியும் என்று
கேட்டுப் பழகிய விரல்.

கீழே விட்டேன்.
பிடிப்பதையும் விட்டேன்.

தண்ணீரில்லாத குளியல் தொட்டியில்
பழைய போர்வை விரித்து
குடிலோடு தூக்கி அந்தக் கோடியில் வைத்தேன்.
இந்தக் கோடியில் நான்,
ஐம்பத்தொன்பது வயது, நூற்றுப்பத்து கிலோ,
முழங்கால் முகவாயை இடிக்க.

"பேசுங்க, குரல் பழகட்டும்" என்றாள் போனில்.
எதைப் பேச?
கடை விலைப்பட்டியலை வாசித்தேன்.
விலா, எலும்போடு.
தொடை, எலும்பில்லாமல்.
கல்லீரலுக்கு வரும்போது வெட்கமாகிவிட்டது.
ரயில் அட்டவணைக்கு மாறினேன்.
வார்சா, ஆறு பதினெட்டு.
ஹெல்ம், ஆறு நாற்பது, ஞாயிறு கிடையாது.

மேலிருந்து இறங்கும் கை
பருந்து.
பக்கத்தில் கிடக்கும் கை
வெறும் கை.
இது புரியப் பன்னிரண்டு நாள் ஆனது எனக்கு.

உள்ளங்கையில் சதகுப்பைக் கீரை வைத்துக்
கையைக் கிடத்தினேன்,
அது என்னுடையது இல்லை என்பதுபோல.
மரத்துப்போகும்வரை.
ஒரு நாள் இலை நுனி குறைந்திருந்தது.
மறுநாள் தண்டோடு காணோம்.
அதற்கடுத்து மூன்று நாள் ஒன்றுமே இல்லை,
மேல்வீட்டில் யாரோ துளைபோட்டார்கள்.
பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை
விரலிடுக்கில் மீசை.
அப்புறம் முன்னங்கால் இரண்டும்
உள்ளங்கையில் ஏறி நின்றன,
இரண்டு பட்டாணி எடை.
ஹெல்ம் ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது தூக்குகிறேன்.
மார்புக்கடியில் ஒரு கை,
பின்புறத்தைத் தாங்கி ஒரு கை,
கால்கள் அந்தரத்தில் தொங்கக்கூடாது.
எல்லா விரலுக்கும் வேலை உண்டு.
கேள்வி கேட்கும் வேலை எதற்கும் இல்லை.

நேற்று மடியில் படுத்து
பழைய குளிர்பெட்டிபோல உறுமிக்கொண்டே
என் கால்சட்டையை நனைத்தது.
அதை மதிப்பாக எடுத்துக்கொள்வதா, வேறெப்படி
என்று தெரியாமல்
நனைந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை வருகிறாளாம் ஹல்ஷ்கா.
"சரி" என்று மட்டும் பதில் போட்டேன்.
சதகுப்பை இரண்டு கட்டு
வாங்கி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கும் சேர்த்து.

இன்று காலை கடையில்
போகுமிவா அம்மாள் தோள்கறி கேட்டாள்.
கொக்கியிலிருந்து எடுத்தேன்.
"என்ன அப்படிப் பிடிக்கிறீங்க,
கைக்குழந்தையா அது?
வெட்டுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

குனிந்து பார்த்தேன்:
அடியில் ஒரு கை, பின்னால் ஒரு கை.

பலகையில் வைத்தேன்.
வெட்டினேன்.
மூட்டு
இருந்த இடத்தில்தான் இருந்தது.